கிரானைட்டில் இண்டக்ஷன் ஹாப் பதிக்க ஆள் வேண்டும் (கும்பகோணம்)

வணக்கம். சமையல் மேடைக்குள் பதிக்கும் நாலு அடுப்பு இண்டக்ஷன் ஹாப், 60 செ.மீ. அகலம், வாங்கியாச்சு. பொருத்தத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

மேடைக் கல் ஏற்கெனவே பதித்தது. வெட்ட வேண்டியது 560க்கு 490 மி.மீ. மூலையைச் சதுரமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நாலு மூலையிலும் கோர் பிட்டால் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை தண்ணீர் விட்டுப் பிளேடு ஓட்ட வேண்டும். ஹாபுக்கு முன்னால் மிஞ்சுவது மூன்று விரல் அகலக் கல். அடியில் முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் அது உடைந்தே தீரும். இப்படிப் பொறுமையாக வெட்டுகிறவர் தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.

அடுத்து கரண்ட். 7.4 கிலோவாட், 230 வோல்ட்டில் 32 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக் உருகிவிடும். 6 சதுர மி.மீ. செம்பு வயரும் தனி எம்சிபியும் (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) வேண்டும். த்ரீ பேஸில் இரண்டு பேஸுக்குப் பிரித்துக் கொடுப்பதானால், ஹாபில் வயர் மாட்டும் டெர்மினலில் இரண்டையும் இணைத்திருக்கும் பித்தளைத் தகட்டை முதலில் கழற்ற வேண்டும். விட்டுவிட்டால் பேஸும் பேஸும் ஷார்ட். இது தெரிந்த எலக்ட்ரீஷியன் அவசியம்.

நடவு சமயத்தில் பம்புசெட்டுகள் ஓடி வோல்டேஜ் இறங்கினால் ஹாப் தானே நின்றுவிடும். 10 கேவிஏ ஸ்டெபிலைசர் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? எங்கே வைத்தீர்கள், இரைச்சல் எப்படி?

பித்தளைப் பாத்திரம் இதில் சூடேறாது. அடி தட்டையான இரும்பு தோசைக்கல் எங்கே கிடைக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.