93 சதவீதம் திருப்தி என்றால் சீனர்களுக்கு எதிர்ப்பே கிடையாதா?

கடலோடி:
நேற்று பொருளாதாரத் திரியில் தோழர் கனல் இப்படி எழுதியிருந்தார்: "சீன மக்களில் 93 சதவீதம் பேர் அரசை ஆதரிக்கிறார்கள். சொல்வது அமெரிக்காவின் ஹார்வர்டு. கட்டுப்பட்டு வாழ்வது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. சுதந்திரம் சுதந்திரம் என்று கத்துவது நமக்குப் பிடித்த வியாதி." படித்ததிலிருந்து தூக்கமில்லை. அங்கேயே பதில் போட்டால் பேச்சு வட்டி விகிதத்துக்குப் போய்விடும் என்பதால் இந்தத் தனித் திரி.

2022 ஏப்ரலில் ஹெனான் மாகாணத்தின் சில கிராம வங்கிகள் மக்களின் சேமிப்பை முடக்கின. பணத்தைக் கேட்க வெளியூர்களிலிருந்து செங்சௌ நகரத்துக்கு ஆட்கள் ரயிலேறிப் போனார்கள். நிலையத்தில் இறங்கி, போனில் கொரோனா சுகாதாரக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் சிவப்பு! காய்ச்சல் இல்லை, பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. டெபாசிட் போட்டவன் போனில் மட்டும் சிவப்பு. சிவப்பு வந்தால் தெருவில் நடக்க முடியாது, தனிமை முகாமோ திரும்பும் ரயிலோதான். இப்படி டெபாசிட்காரர்கள் 1,317 பேருக்குச் சிவப்பு கொடுத்ததாக அந்த நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டு ஐந்து அதிகாரிகளைத் தண்டித்தது. நூற்றுக்கு 93 பேர் கூடவே நிற்கிறார்கள் என்ற தைரியம் உள்ள அரசாங்கத்துக்கு எதற்கய்யா இந்த வேலை?

தோழர் கனல்:
தனித் திரியா? நல்லது, எல்லோரும் பார்க்கட்டும். ஹார்வர்டு ஆய்வு 2003 முதல் 2016 வரை நடந்தது. 31,000 பேருக்கு மேல் நேரில் பார்த்துக் கேட்டார்கள். மத்திய அரசின் மீது திருப்தி 2003-ல் 86.1, 2016-ல் 93.1. நான் சமைத்த எண் இல்லை. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் 1,317 பேரைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

இன்னொன்று. அந்த டெபாசிட்காரர்கள் ஜூலை 10 அன்று கையில் என்ன வைத்திருந்தார்கள்? தேசியக் கொடி. பெய்ஜிங்கை நம்பி, உள்ளூர் அதிகாரியைத் தண்டிக்கச் சொல்லிப் போனவர்கள் அவர்கள். 40 ஆண்டுகளில் 80 கோடிப் பேரை வறுமையிலிருந்து மீட்டதாக உலக வங்கி சொல்கிறது. வயிறு நிறைந்தவன் நன்றி சொன்னால் உங்களுக்கு ஏன் எரிகிறது? உங்களைப் போல் குவாங்சோ நகரத்துக்கு நாலு தடவை சட்டைத்துணி வாங்கப் போய்வந்தால் சீனா புரிந்துவிடுமா? 93-க்குப் பதில் சொல்லுங்கள்.

நடுநிலையான்:
அதே ஆய்வில் ஊர் மட்ட நிர்வாகத்தின் மீது திருப்தி 2016-ல் 70 சதவீத அளவில்தான். 2003-ல் பாதிகூடக் கிடையாது. இரண்டு பேருமே அதைத் தொடவில்லை.

கடலோடி:
கொடி பிடித்தது சரி. அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள் தோழர். செங்சௌ மத்திய வங்கிக் கிளையின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களை, வெள்ளைச் சட்டை போட்ட அடையாளம் தெரியாத ஆட்கள் வந்து தரதரவென்று இழுத்துப்போய் அடித்தார்கள். பக்கத்தில் போலீஸ் நின்றது. கொடி பிடித்தது அன்பினால் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? கொடி இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் அடி விழும். இத்தனைக்கும் பிறகுதான் சிறு தொகை போட்டவர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது.

உங்கள் 93-க்கு வருகிறேன். 2020-ல் வேறு ஆய்வாளர்கள் சீனாவில் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். நேராகக் கேட்டால் 90-க்கு மேல். அப்புறம் நாலைந்து வாக்கியங்களைக் கொடுத்து, "இதில் எத்தனை சரி என்று மட்டும் சொல், எது எது என்று சொல்ல வேண்டாம்" என்று கேட்டார்கள். யார் எதை ஒத்துக்கொண்டார் என்று கேட்டவருக்கே தெரியாது. அப்படிக் கேட்டபோது ஆதரவு 50-க்கும் 70-க்கும் இடையே இறங்கிவிட்டது. பதில் சொல்பவன் பயத்தையும் சேர்த்து எண்ணியதுதான் உங்கள் 93.

தோழர் கனல்:
ஆக, 70 என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் எந்தக் கட்சி 70 வாங்கியிருக்கிறது? 50-ஐத் தொட்டது யார்? உங்கள் ஆய்வும் எனக்குத்தான் சாட்சி. முதலில் ஹார்வர்டு எண்ணை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம். 93.

காலாங் கரையான்:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எண் சண்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அந்த "ரத்தத்தில் ஊறியது" எனக்குத் தாங்கவில்லை. தைவானில் இருப்பதும் சீன வம்சாவளிதானே? 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம், 38 வருஷம். எதிர்க்கட்சி தொடங்கவே தடை இருந்தபோது, 1986-ல் தைபேயில் ஒரு ஓட்டலில் கூடிக் கட்சியை அறிவித்தார்கள். 1979-ல் காவோசியுங் நகரத்தில் நடந்த ஜனநாயக ஊர்வலத்துக்காக ஜெயிலுக்குப் போனவர்களும், கோர்ட்டில் அவர்களுக்காக வாதாடிய வக்கீல்களும்தான் பிறகு நாட்டையே நடத்தினார்கள். 1996-ல் முதல் நேரடி அதிபர் தேர்தல், பெய்ஜிங் ஏவுகணை விட்டு மிரட்டிக்கொண்டிருந்தது, மக்கள் போய் வரிசையில் நின்றார்கள். அது எந்த ரத்தம்?

தோழர் கனல்:
சிங்கப்பூர்க்காரர் ஜனநாயகப் பாடம் எடுக்கிறார்! 1959 முதல் ஒரே கட்சி ஆள்கிற ஊர். அங்கேயும் சீனர்தான் பெரும்பான்மை. என் கருத்துக்கு நீங்களே நடமாடும் உதாரணம். தைவானுக்கு அமெரிக்கா காவல். அதெல்லாம் 93-க்குப் பதில் ஆகாது.

காலாங் கரையான்:
எங்கள் ஊரில் ஓட்டு ரகசியம், தோழர். 2011-ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் பதவியிலிருந்த வெளியுறவு அமைச்சரையே மக்கள் தோற்கடித்தார்கள். ஹாங்காங்கில் 2019 நவம்பர் மாவட்ட மன்றத் தேர்தலில் 71 சதவீத வாக்குப்பதிவு, 18 மன்றங்களில் 17 ஜனநாயக எதிரணிக்கு. பெட்டி கொடுத்தால் எதைப் போடுவார்கள் என்று பார்த்தாகிவிட்டது. அதனால்தான் 2020-ல் எதிர்ப்பை ஒடுக்கும் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்களுக்கு என் மேல் என்ன கோபம் என்று தெரியும். போன வருஷம் கூலித் தொழிலாளர் திரியில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தோழர் கனல்:
அந்தத் திரியில் ஓடியது யார் என்று பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும்.

நெல்லைப் பெண்:
சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்லலாமா? நான் சீனாவில் மருத்துவம் படித்தவள். 2020 பிப்ரவரியில் டாக்டர் லி வென்லியாங் இறந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது நோய் பற்றி நண்பர்களை எச்சரித்ததற்காக ஜனவரியில் போலீஸ் கூப்பிட்டு, வதந்தி பரப்பினேன் என்று கையெழுத்து வாங்கியது அவரிடம்தான். அன்று என் வகுப்புத் தோழி, அரசியல் என்றால் அறையை விட்டே எழுந்து போகிறவள், பேச்சுச் சுதந்திரம் வேண்டும் என்று வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் பகிர்ந்தாள். காலையில் அது காணாமல் போயிருந்தது. திரும்பவும் போட்டாள். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை ஒரு மெழுகுவத்திப் படம் மட்டும். கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டினால் அவள் "திருப்தி" என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

தோழர் கனல்:
ஒரு தோழி. 1,317 பேர். கணக்கு வளர்கிறது.

கடலோடி:
அந்தப் பெண்ணைக் கேலி செய்யாதீர்கள். வளரும் கணக்கு வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள். 2011, குவாங்டோங் மாகாணத்தின் வூகான் கிராமம். நிலத்தை விற்றுத் தின்ற அதிகாரிகளை ஊரே விரட்டியது. போலீஸ் காவலில் ஒருவர் செத்தார். ஊர் பணியவில்லை. 2012 மார்ச்சில் ரகசிய வாக்கெடுப்பில் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

தோழர் கனல்:
வூஹான் கிராமமா? ஒரு கோடிப் பேர் வாழும் நகரம் அது, ஹூபேயில் இருக்கிறது. வரைபடமே தெரியாதவருக்கு வாதம் எதற்கு?

நடுநிலையான்:
அவர் எழுதியது வூகான். வேறு ஊர்.

தோழர் கனல்:
ஏதோ ஒரு ஊர். 93 எங்கே போயிற்று?

கடலோடி:
ஏதோ ஒரு ஊர் இல்லை! அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர் லின் சூலியானை 2016-ல் லஞ்ச வழக்கில் உள்ளே போட்டார்கள். ஊர் மறுபடி தெருவுக்கு வந்தது, ரப்பர் குண்டும் கண்ணீர்ப்புகையும் வந்தன. உங்கள் 93 எடுக்கப்பட்ட அதே 2016!

2022 அக்டோபர் 13, பெய்ஜிங், சிதோங் பாலம். கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டுக்கு மூன்றே நாள். பெங் லிஃபா என்ற ஒற்றை மனிதர், கட்டுமானத் தொழிலாளி மாதிரி உடுத்திக்கொண்டு, புகை மூட்டி, இரண்டு பதாகைகளைத் தொங்கவிட்டார். அவற்றில் எழுதியிருந்தது: கொரோனா பரிசோதனை வேண்டாம், சோறு வேண்டும். தலைவர் வேண்டாம், ஓட்டு வேண்டும். அடிமையாக வேண்டாம், குடிமகனாக வேண்டும். ரத்தத்தில் ஊறிய கீழ்ப்படிதல் இதுவா? அடுத்த மாதம் மேற்குச் சீனாவின் உரும்சி நகரத்தில் அடுக்குமாடி தீப்பிடித்து, அரசுக் கணக்குப்படியே பத்துப் பேர் செத்தார்கள். கொரோனா ஊரடங்குத் தடுப்புகளால்தான் தப்ப முடியவில்லை என்று மக்கள் கொதித்தார்கள். ஷாங்காயில் உரும்சியின் பெயர் கொண்ட தெருவில், எதுவுமே எழுதாத ஏ4 தாளைத் தூக்கிப் பிடித்து, கட்சியே இறங்கு என்று கத்தினார்கள். எழுதினால் குற்றம் என்பதால் வெறும் தாள்! டிசம்பர் 7-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மக்கள் சாதித்தது அது.

நடுநிலையான்:
தளர்வு நவம்பர் 11-லேயே 20 அம்சங்களாகத் தொடங்கிவிட்டது. ஒமிக்ரானை அடக்க முடியவில்லை, பொருளாதாரமும் படுத்திருந்தது. முழுப் புகழையும் வெள்ளைத் தாளுக்குக் கொடுக்க முடியாது.

கடலோடி:
நவம்பர் 11-க்குப் பிறகும் கதவுகளை அடைத்துத்தானே வைத்திருந்தார்கள்? தீ 24-ம் தேதி. நடுநிலை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அரசாங்கத்தின் பக்கம் சாய்வதை இந்தக் குழுவில் எத்தனை திரியில் பார்த்துவிட்டேன்.

நடுநிலையான்:
தேதி சொன்னால் சாய்வா? ஊர் மட்டத் திருப்தி 70-தான் என்று தோழருக்கு எதிராகச் சொன்னதும் நான்தான். நீங்கள் யாரையும் பேச விடுவதில்லை.

தோழர் கனல்:
கேட்டு அரசு தளர்த்தியது என்றால், மக்கள் பேச்சைக் கேட்கும் அரசு என்றுதானே அர்த்தம்? கடலோடியே சொல்லிவிட்டார். நன்றி.

நெல்லைப் பெண்:
கேட்ட அரசு, வெள்ளைத் தாள் பிடித்தவர்களைப் பிறகு ஏன் வீடு வீடாகத் தேடிக் கைது செய்தது?

தோழர் கனல்:
எந்த நாட்டில் போலீஸ் இல்லை, தங்கச்சி? மூன்று நாளாகக் கேட்கிறேன். ஹார்வர்டு பொய் சொல்கிறதா, ஆமா இல்லையா?

கடலோடி:
ஹார்வர்டு கேட்டதை எழுதியது. பதில் சொன்னவன் வீட்டு வாசலில் யார் நின்றார்கள் என்பதுதான் என் கேள்வி. பெங் லிஃபா அந்தப் பாலத்திலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட பிறகு பொதுவெளியில் தென்படவே இல்லை. அவரை எந்தச் சதவீதத்தில் சேர்க்கிறீர்கள்? 93-லா, மீதி 7-லா?

தோழர் கனல்:
7-ல். பாருங்கள், கணக்கு சரியாக வருகிறது.

காலாங் கரையான்:
தோழர், அந்தக் கூலித் திரி?