ஊற்றிய எரிபொருளைவிட அதிக வெப்பம் காட்டும் ஹீட் ரிலீஸ் கர்வ்: எங்கே தப்பு?

ஆய்வு_661
ஒற்றை சிலிண்டர் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசல் என்ஜின். போர் 87.5, ஸ்ட்ரோக் 110, கனெக்டிங் ராடு 234 மிமீ. கம்ப்ரஷன் விகிதம் 17.5, இன்ஜெக்‌ஷன் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில இருக்கிற நிலை) 23 டிகிரி முன், 1500 ஆர்பிஎம். புங்கம் பயோடீசல் 20 சதவீதக் கலவை, 5.2 கிலோவாட் லோடு, மணிக்கு 1.3 கிலோ செலவு. 100 சுழற்சி சராசரி எடுத்தும் சிலிண்டர் பிரஷரை வெச்சுக் கணக்கிட்ட மொத்த ஹீட் ரிலீஸ் (எரியும்போது வெளியாகும் வெப்பம்) சுழற்சிக்கு 1300 ஜூல் வருது. இன்ஜெக்‌ஷனுக்கு முன்னாடியே கர்வ் ஆழமா மைனஸுக்குப் போகுது. காமாவை (வாயுவின் வெப்ப ஏற்புத்திறன் விகிதம்) 1.35லிருந்து 1.30க்கு இறக்கினா மொத்தம் இன்னும் ஏறுது. பயோடீசல்ல இருக்கிற ஆக்சிஜன்தான் காரணமா?

வளையம்_தேய்ந்தது
ஆக்சிஜனை விடுங்க. 1500 ஆர்பிஎம்னா மணிக்கு 45,000 பவர் ஸ்ட்ரோக். ஒரு சுழற்சிக்கு 29 மில்லிகிராம், கிலோவுக்கு 41.5 மெகாஜூல் வெச்சாலும் 1200 ஜூல்தான் உள்ளே போகுது. சுவர் வழியா போனது கழிஞ்ச நெட் கணக்கு அதைத் தாண்ட வழியே இல்லை. காமாவைத் திருகி இதை மறைக்காதீங்க.

எரிபொருள் இல்லாத சுழற்சியில பிரஷர் உச்சம் எங்கே வருது? எடி கரன்ட் டைனமோமீட்டர் (லோடு கொடுக்கிற பிரேக்) என்ஜினைச் சுத்தாது. அதனால என்ஜின் சூடா இருக்கும்போது ஃபியூவல் ரேக்கை (பம்ப்ல எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு) ஸ்டாப்புக்கு இழுத்து, வர்ற முதல் சில சுழற்சியை மட்டும் எடுங்க. வேகம் விழுந்த பிறகு வர்றது உதவாது.

ஆய்வு_661
உச்சம் டிடிசிக்கு 1.2 டிகிரி பின்னாடி. அதே டேட்டாவுல டிடிசி பக்கம் ஹீட் ரிலீஸ் பாசிட்டிவா வேற வருது, எரிபொருளே இல்லாம!

வளையம்_தேய்ந்தது
அப்போ கிடைச்சாச்சு. வெப்ப இழப்பும் வளையக் கசிவும் இருக்கிறதால உச்சம் டிடிசிக்கு அரை முதல் ஒரு டிகிரி முன்னாடி வரணும். உங்க என்கோடர் (கிராங்க் கோணத்தை அளக்கும் கருவி) குறி கிட்டத்தட்ட 2 டிகிரி விலகியிருக்கு. பிரஷர் இப்படித் தாமதமாப் பதிவானா, இந்த அளவு என்ஜின்ல டிடிசிக்கு சுமார் 25 டிகிரி முன் வரை போலி மைனஸ், அதுக்கப்புறம் டிடிசி தாண்டும் வரை போலி பிளஸ். நீங்க சொன்ன ரெண்டு கோளாறும் அதுதான்.

டிடிசியை டயல் கேஜ் வெச்சு நேரா தேடாதீங்க. அங்கே ஒரு டிகிரிக்கு பிஸ்டன் 0.01 மிமீதான் நகரும். இரு பக்கமும் 40 டிகிரி வாக்குல ஒரே உயரம் வர்ற இடத்தைக் குறிச்சு நடுவைப் பிடிங்க. அங்கே டிகிரிக்கு 0.7 மிமீ ஓடும். ஒரே திசையில சுத்தி, மேலே போகும்போது ஒரு அளவு, தாண்டி இறங்கும்போது ஒரு அளவுன்னு எடுத்தா பேரிங் இடைவெளி ஏமாத்தும். அதனால ஒரு பக்கத்தை ஒரு திசையிலயும் மறுபக்கத்தை எதிர்த் திசையிலயும் சுத்தி, ரெண்டையும் பிஸ்டன் டிடிசியை நோக்கி மேலே போகும்போதே அளங்க.

லாக்_பிவி
பெக்கிங்கையும் (பிரஷர் சிக்னலைச் சரியான அடிமட்டத்துல நிறுத்துறது) பாருங்க. பீசோ சென்சார் மாற்றத்தை மட்டும்தான் சொல்லும். இன்டேக் பிடிசியில (பிஸ்டன் அடியில இருக்கிற நிலை) 5 டிகிரி சராசரியை மேனிஃபோல்டு அப்சல்யூட் பிரஷருக்குச் சமமாக்கணும். லாக் பிரஷர், லாக் கனஅளவு கோடு கம்ப்ரஷன்ல நேரா, சரிவு 1.3 முதல் 1.37க்குள்ள இருக்கணும். தொடக்கத்துலயே வளைஞ்சா பெக்கிங் தப்பு.

இன்னொண்ணு: பயோடீசல் டீசலைவிடக் குறைவா அமுங்கும், அதனால பம்ப்-பைப் சிஸ்டத்துல இன்ஜெக்‌ஷன் தானாவே கொஞ்சம் முந்தும். நீங்க தேடுற வித்தியாசமே ஒரு டிகிரி அளவுலதான். ரெண்டு எரிபொருள் சோதனைக்கு நடுவுல என்கோடர் நழுவியிருந்தா அந்த ஒப்பீடு குப்பை.

ஆய்வு_661
கப்ளிங்ல ஒரு கிரப் ஸ்க்ரூ லூஸ். இறுக்கி, மறுபடி குறி வெச்சேன். உச்சம் இப்போ 0.7 டிகிரி முன்னாடி, மொத்தம் 1010 ஜூல். ஆனா இன்ஜெக்‌ஷன் தொடங்கிப் பத்திக்கிற வரை சின்ன மைனஸ் பள்ளம் இன்னும் இருக்கே?

வளையம்_தேய்ந்தது
அது இருக்கணும். எரிபொருள் ஆவியாக வெப்பம் எடுக்குது, சுவருக்கும் கொஞ்சம் போகுது. டீசல் சோதனையை மட்டும் திரும்ப ஓட்டுங்க.