குடிதண்ணீர் இல்லை, வறட்சி நிவாரணம் கேட்டால் "இன்னும் அறிவிக்கவில்லை" என்கிறார்கள். யாரிடம் போவது?

ஊரணிக்கரை:
வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒன்றியத்தின் கடைசி ஊர் எங்களுடையது, நூற்றுச் சொச்சம் வீடு. சித்திரை பிறந்ததிலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை. போர்த் தண்ணீர் உப்பு, பாத்திரம் கழுவத்தான் ஆகும். ஊரணி வற்றி வெடித்துக் கிடக்கிறது. குடம் உட்காரக் குழி வைத்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு பெண்கள் பக்கத்து ஊர் ஊற்றுக்குப் போகிறார்கள். முடியாதவர்கள் டிராக்டர்காரரிடம் குடம் பத்து ரூபாய்க்கு வாங்குகிறார்கள்.

ஊரே கையெழுத்துப் போட்டு "வறட்சி நிவாரணம் வேண்டும்" என்று மனு கொடுத்தோம். மாவட்டம் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்படவில்லை என்று பதில் வந்துவிட்டது. ஊராட்சித் தலைவரும் இப்போது பதவியில் இல்லை. அடுத்து என்ன செய்யலாம்?

வெயிலான்:
முதல்வரின் உதவி மையம் 1100-க்கு அடியுங்கள் அண்ணே. புகார் எண் தருவார்கள்.

பழைய ஓவர்சியர்:
1100-ம் சரிதான். ஆனால் என்ன கேட்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "வறட்சி நிவாரணம்" என்று எழுதினால் மனு வருவாய்த் துறைக்குப் போய்விடும். அங்கே வறட்சி என்பது பெரும்பாலும் பயிர்க் கணக்கு. மழைக் குறைவு, விதைப்புப் பரப்பு, மண்ணின் ஈரம் எல்லாம் பார்த்துத்தான் அறிவிப்பார்கள், அதற்கு நாளாகும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. அப்போதுகூட எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தது 2017 ஜனவரி 10-ல்தான். அறிவித்த பிறகு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அவசரக் குடிநீருக்குச் செலவழிக்கலாம் என்பது உண்மை. அதற்காகக் குடிதண்ணீர் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 110-ஐப் பாருங்கள். குடிநீர் தருவது ஊராட்சியின் கடமை. "நிதி இருக்கும் அளவுக்கு" என்று அதிலேயே ஒரு கொக்கியும் போட்டிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். மத்திய நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்றே ஒதுக்கிவைத்த பங்கு என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேளுங்கள்.

தலைவர் இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த உங்கள் மாவட்டம் போன்ற இடங்களில் 2025 ஜனவரி 5-ஓடு பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். "கிராம ஊராட்சி" என்று பலகை மாட்டியிருக்கும் அறைக்குப் போங்கள், அவர்தான் அந்தத் தனி அலுவலர்.

அப்புறம் ஒரு கேள்வி. உங்கள் ஊர்த் தரைமட்டத் தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, தொட்டிக்கு வந்து தெருவுக்கு வரவில்லையா?

ஊரணிக்கரை:
டேங்க் ஆபரேட்டரைக் கேட்டேன். தொட்டிக்கே கால்வாசிதான் வருகிறதாம், சில நாள் அதுவும் இல்லை. வந்த தண்ணீரையும் மேலத்தெருவில் சிலர் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சிவிடுகிறார்கள்.

பழைய ஓவர்சியர்:
அப்படியென்றால் உங்களுக்கு இரண்டு வழக்கு. தொட்டி வரைக்கும் தண்ணீர் கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. தொட்டிக்கு இந்தப் பக்கம் ஊராட்சி. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் ஆளுக்கு ஆள் கை காட்டிவிட்டுப் போவார்கள். தனித்தனியாக எழுதுங்கள்.

வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கு: தொட்டியில் மீட்டர் இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் ரீடிங்கைப் படம் எடுத்து வையுங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து எடுங்கள். "தண்ணீர் வரவில்லை" என்பதைவிட "500 பேர் இருக்கும் ஊருக்கு இன்ன தேதியில் இவ்வளவு லிட்டர்தான் வந்தது" என்று எழுதினால் தட்டிக்கழிப்பது சிரமம். வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 500 பேருக்கு 27,500 லிட்டர் ஆகிறது. உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டு அந்த எண்ணையே மனுவில் எழுதுங்கள்.

வட்டார வளர்ச்சி அலுவலருக்கு: குழாய் சீராகும் வரை லாரியில் குடிநீர் வேண்டும், உறிஞ்சும் மோட்டார்களை எடுக்க வேண்டும். போர்த் தண்ணீரை வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையை இணையுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில்கூட அது குடிநீராக ஏற்கத்தக்கதல்ல என்பதுதான் தரநிலை. "அதான் போர் இருக்கே" என்று அதன் பிறகு சொல்ல மாட்டார்கள்.

கடலாடி ரோடு:
இவ்வளவு எதற்கு? ஒரு நாள் குடத்தோடு ரோட்டில் உட்காருங்கள், சாயங்காலமே லாரி வரும்.

பழைய ஓவர்சியர்:
வரும் தம்பி. அடுத்த வாரம் வருமா என்பதுதான் பேச்சு. எழுத்தில் உத்தரவு வாங்காத லாரி டீசல் பில்லோடு நின்றுவிடும்.

ஊரணிக்கரை:
இரண்டு மனுவும் கொடுத்து, திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலும் நகல் கொடுத்து ரசீது வாங்கினோம். ஒன்றியத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் லாரி வருகிறது. மிக்க நன்றி ஐயா. ஆனால் லாரியைப் பார்த்ததும் ஒரே தள்ளுமுள்ளு. தண்ணீரிலும் மருந்து வாடை அடிக்கிறது, குடிக்கலாமா?

பழைய ஓவர்சியர்:
லாரியிலிருந்து நேராகக் குடத்தில் பிடிக்க விடாதீர்கள். தெருவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொட்டி கேட்டு வாங்கி, அதில் இறக்கிக் குழாய் வழியாகப் பிடிக்கச் சொல்லுங்கள். லாரி வந்த நேரம், நடை, அளவு எல்லாம் ஒரு நோட்டில் எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று, அடுத்த கிராம சபையில் ஊரணிக்குத் தீர்மானம் போட்டுவிடுங்கள். மே 1 தவறினால் ஆகஸ்ட் 15 இருக்கிறது. தூர்வாருவதை மட்டும் எழுதாதீர்கள். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஐப்பசி மழை உள்ளே வராது. கால்வாயின் சர்வே எண்ணோடு எழுதுங்கள்.

வாடை குளோரின் வாடைதான். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். குடத்தைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும், குடிக்கலாம். வாடையே இல்லாமல் ஒரு நாள் லாரி வந்தால்தான் எந்தக் கிணற்றில் பிடித்தது என்று கேட்க வேண்டும்.