பிளானர் ஸ்பீக்கர்கள் வீட்டுக்கு ஏற்றவையா? பயன்படுத்தியவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து:

வீட்டில் இசை கேட்பதற்குப் பிளானர் ஸ்பீக்கர், அதாவது கூம்புக்குப் பதிலாக மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் பலகை வடிவ ஸ்பீக்கர், ஏற்றதா என்று கேட்ட நண்பருக்கு, காந்தவகைப் பிளானர் ஜோடி ஒன்றை நெடுங்காலமாக வைத்திருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அதன் ஒலி நமக்குப் பிடிக்கிறதா என்பது சில நிமிடங்கள் கேட்டாலே தெரிந்துவிடும். அது வீட்டில் நிலைக்குமா என்பதை அறைதான் தீர்மானிக்கிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஜிம் வைனி என்ற பொறியாளர் 1969இல் தொடங்கிய மேக்னபேன் நிறுவனத்தால் பரவலான வகை இது. மைலார் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மீது அலுமினியக் கம்பிகளை ஒட்டி, அருகே காந்தப் பட்டைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டம் கம்பிகளில் பாயும்போது படலம் முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்புகிறது. கூம்பும் இல்லை, பெட்டியும் இல்லை. அதனால் முன்புறம் வரும் அதே அளவு ஒலி, எதிர்க்கட்டத்தில் (முன்னே காற்று அழுந்தும்போது பின்னே தளரும் விதத்தில்) பின்புறமும் செல்கிறது. இதன் நன்மைகளில் பலவும் தொல்லைகளில் பலவும் இந்த ஒரே காரணத்திலிருந்துதான் வருகின்றன.

நன்மையை முதலில் சொல்கிறேன். தனிக்குரலையும் தம்புராவையும் இவ்வளவு இயல்பாக என் வீட்டில் வேறு எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. தம்புராவின் ஒரு தந்தி மீட்டப்பட்டு, அதன் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாக எழுந்து அடங்குவதற்குள் அடுத்த தந்தி ஒலிக்கத் தொடங்கும்போது, இரண்டும் கலங்காமல் தனித்தனியே கேட்கின்றன. பெட்டியின் பலகைகள் அதிர்ந்து குரலின் மீது பூசும் கனம் இங்கே இல்லை. பக்கவாட்டில் முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், பக்கச் சுவர்களில் பட்டு வரும் எதிரொலியும் குறைகிறது. இதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்: பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் முன்னாலிருந்து மெல்ல நடந்து அதன் விளிம்புக்கு நேராக வந்து நின்றால், ஒலி சட்டென்று மெலிந்துவிடும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை இடம். பின்னால் செல்லும் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஸ்பீக்கர் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அது இரண்டு மில்லிநொடிக்கும் குறைவான தாமதத்தில் வந்து நேர் ஒலியோடு கலந்து குழப்புகிறது. ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் தாமதம் ஏறத்தாழ ஆறு மில்லிநொடியாகிறது. அப்போது அதே எதிரொலி குழப்பமாகத் தோன்றாமல், கலைஞர்கள் முன்னும் பின்னுமாக அமர்ந்திருப்பது போன்ற மேடையின் ஆழமாகத் தோன்றத் தொடங்குகிறது. நம் ஊர் அடுக்குமாடிக் கூடங்களில் ஆளுயரப் பலகைகள் இரண்டைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் முன்னே கொண்டுவந்து நிறுத்த எல்லா வீட்டாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் வீட்டில் அவை நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறித்து வைத்திருக்கிறேன். விருந்தினர் வரும்போது சுவரோரம் நகர்த்தி, பிறகு குறித்த இடத்துக்கே கொண்டுவருகிறேன்.

அடுத்தது பேஸ், அதாவது தாழ்ந்த தொனி. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். அத்தனை நீளமான அலைக்கு அரை மீட்டர் அகலப் பலகை ஒரு தடையே அல்ல. பின்னலை விளிம்பைச் சுற்றி வந்து முன்னலையை அழித்துவிடுகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் (தாழ்ந்த தொனி தரும் இடப்பக்கத்தில்) கும்கி என்னும் வளைந்தெழும் ஓசை விழும்போது அதன் சுருதியும் வளைவும் தெளிவாகக் கேட்கும், ஆனால் கச்சேரியில் நெஞ்சில் உணரும் அந்த அழுத்தம் வராது. தவில் கேட்பவர்களுக்கு இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போதும் கவனம் தேவை. இவ்வகையில் பெரும்பாலானவற்றின் மின்மறுப்பு, அதாவது ஆம்ப்ளிஃபயரின் மின்னோட்டத்துக்கு அவை தரும் தடை, 4 ஓம். விவரத்தாளில் 2.83 வோல்ட்டுக்கு (8 ஓமில் இது ஒரு வாட்) 86 டெசிபல் என்று இருந்தால், 4 ஓமில் அந்த வோல்ட் ஒரு வாட் அல்ல, இரண்டு வாட். ஆகவே ஒரு வாட்டுக்குக் கிடைப்பது 83 டெசிபல்தான். 89 டெசிபல் தரும் 8 ஓம் பெட்டி ஸ்பீக்கரின் உரப்பை எட்ட நான்கு மடங்கு திறன் வேண்டும்.

லண்டனிலிருந்து:

சென்னை நண்பர் காந்தவகையைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். என்னிடம் இருப்பது மின்னிலைவகை, அதாவது எலக்ட்ரோஸ்டாட்டிக். இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957இல் இவ்வகையில் ஒரு முழு ஸ்பீக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாட்டில் வாழ்வதால், பழைய ஜோடிகளைக் கேட்கும் வாய்ப்பு இங்கே எளிதில் அமைகிறது. துளையிட்ட இரு தகடுகளுக்கு நடுவே, பல ஆயிரம் வோல்ட் மின்னேற்றம் பெற்ற மெல்லிய படலம் தொங்குகிறது. நடுத்தொனியின் தெளிவில் இதற்கு இணையானதை நான் கேட்டதில்லை. வயலினில் வில் திரும்பும் கணம்கூடக் கேட்கிறது.

ஆனால் இது பராமரிப்பு கேட்கும் பொருள். மின் இணைப்பு இல்லாமல் இயங்காது. தூசியும் ஈரமும் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, பாட்டில்லாத நேரத்தில்கூட மெல்லிய 'டிக்' ஓசை வரத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் வாழ்பவர்கள் இதை நன்றாக யோசித்த பிறகே வாங்க வேண்டும். அதோடு, மின்சுற்றைப் பொறுத்தவரை இது ஒரு மின்தேக்கி. அதிர்வெண் ஏற ஏற மின்மறுப்பு இறங்குவதால், உச்சத்தொனியில் சில ஆம்ப்ளிஃபயர்கள் நிலைகுலைகின்றன.

கோயம்புத்தூரிலிருந்து:

நான் பிளானர் ஜோடியை விற்றுவிட்டுப் பெட்டி ஸ்பீக்கருக்குத் திரும்பியவன். ஒலியில் எனக்குக் குறை எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் நான்கு பேரும் கூடத்தின் நான்கு மூலைகளில் இருந்துகொண்டு பாட்டும் படமும் கேட்பவர்கள். பிளானரிலோ நடு இருக்கையில் இருப்பவருக்கு மட்டுமே முழு இசையும் கிடைத்தது. நகர்ந்து அமர்ந்தவருக்கு உச்சத்தொனி மங்கியது. தனியே அமர்ந்து கேட்க ஓர் அறை உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இராது.

மீண்டும் சென்னையிலிருந்து:

கோயம்புத்தூர் நண்பர் சொல்வது முற்றிலும் உண்மை. பேஸுக்காக மட்டும் உள்ள தனிப்பெட்டியான சப்வூஃபரைப் பிளானரோடு சேர்க்கலாமா என்று தனிமடலில் கேட்டவருக்கு: சேர்க்கலாம், ஆனால் இங்கும் அறை குறுக்கிடுகிறது. கோட்பாட்டளவில், உயரமான பலகையின் ஒலி தொலைவு இரட்டிக்கும்போது 3 டெசிபல் குறைகிறது. சப்வூஃபரின் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மூடிய அறையில் பேஸ் அவ்வளவு ஒழுங்காகக் குறையாது என்றாலும், ஓரிடத்தில் பொருந்தும் அளவு மற்றோரிடத்தில் பொருந்துவதில்லை. ஆகவே சப்வூஃபரின் அருகில் நின்று அளவை வைக்காமல், வழக்கமாக அமரும் நாற்காலியில் ஒருவர் இருந்து கேட்டுச் சொல்ல, மற்றவர் குமிழைத் திருப்பி அமைப்பது நல்லது.