பஞ்சாப் கிராமத்தில் குடியேறுகிறோம்: பொது வசதிகள் எப்படி?

கேள்வி: பணி நிமித்தமாக ஜலந்தர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடும்பத்துடன் தங்க வேண்டியுள்ளது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவை அங்கு எந்நிலையில் உள்ளன என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மின்சாரச் செலவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், 2022 ஜூலை முதல் வீடுகளுக்கு மாதம் 300 யூனிட் இலவசம். அரசுப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், அம்மாநில முகவரிச் சான்று காட்ட வேண்டும்.

மறுமொழி: கழிவுநீர்தான் உண்மையான சிக்கல். பல ஊர்களில் குளமே சாக்கடைப் பள்ளமாகிவிட்டது. ஆனால் உங்கள் மாவட்டத்திலேயே உள்ள சீச்சேவால் என்னும் ஊரில், சீக்கியத் துறவி சந்த் பல்பீர் சிங்கின் முயற்சியால், வீட்டுக் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே வந்து, அடுத்தடுத்த கிணறுகளில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கி, குளத்தில் தெளிந்த பின் வயலுக்குப் பாய்கிறது. வேறு பல ஊர்களும் இம்முறையைப் பின்பற்றியுள்ளன. வீடு பார்க்கும்போது, வாடகையைக் கேட்பதற்கு முன் குளத்தைப் போய்ப் பாருங்கள்.

மறுமொழி: ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்த பின்பே குடியுங்கள். நெல்லுக்காக இறைத்து இறைத்து நிலத்தடி நீர் வெகுவாக இறங்கிவிட்டதால்தான், நாற்று நடவைக் குறித்த நாளுக்கு முன் தொடங்கக் கூடாதென 2009இல் சட்டமே இயற்றினார்கள். சமையல் ஒழுங்காகும் வரை குருத்வாராவின் (சீக்கியர் கோயில்) லங்கரில், அதாவது எல்லோருக்குமான இலவச உணவுக்கூடத்தில், தயங்காமல் உண்ணலாம்; காலணியைக் கழற்றி, தலையைத் துணியால் மூடிக்கொண்டால் போதும்.