புதுப்பிப்பு: மகளின் விஎஸ்டி ஆபரேஷன் முடிந்தது

மகளுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, அதாவது விஎஸ்டி. தொடை ரத்தக்குழாய் வழியாக ஓட்டையை அடைக்கும் டிவைஸ் வைத்தால் போதுமா, ஆபரேஷன்தானா, செலவுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆபரேஷன் முடிந்து வீட்டில் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள்.

கைகொடுத்தது, அரசு மருத்துவமனையில் இருக்கும் டிஇஐசிக்கு (குழந்தைகளின் பிறவிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட மையம்) போகச் சொன்ன அக்காவின் யோசனை. 18 வயது வரை பார்க்கிறார்கள். அங்கேயே பரிந்துரைக் கடிதம் கிடைத்தது; செலவு முதலமைச்சர் காப்பீட்டில் போனது.

டிவைஸ் ஒத்துவரவில்லை. ஓட்டை அயோர்ட்டா வால்வை (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வு) ஒட்டி இருந்ததால் வால்வின் ஒரு இதழ் அதற்குள் சரியத் தொடங்கியிருந்தது. நெஞ்சைத் திறந்து ஒட்டுப் போட்டு மூடினார்கள்.

யாரும் சொல்லாதது பல் விஷயம். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம் என்று, அதைச் சரிசெய்த பிறகுதான் தேதியே கொடுத்தார்கள். முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், சாப்பிட ஆரம்பித்ததும் ஆபரேஷனுக்குப் பின் நீர் வடிய நெஞ்சில் வைத்திருந்த குழாயில் வந்த நீர் பால் மாதிரி வெளுத்தது. பயந்துவிட்டோம். நிணநீர்க் கசிவாம். கொழுப்பில்லாத சாப்பாட்டிலேயே நின்றது. நெய்க்காக அவள் அழுததுதான் பெரிய பாடு.

நெஞ்செலும்பு கூடும்வரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, முதுகிலும் பிட்டத்திலும் கைவைத்துத்தான் தூக்க வேண்டும். முதல் 6 மாதம் பல் சிகிச்சை என்றால் முன்னதாக ஆன்டிபயாடிக் தேவையா என்று இதய மருத்துவரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.