ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல வெட்டுக்கத்தி

கேள்வி:
தென்னை மட்டை கழிக்கவும் வேலிமுள் வெட்டவும் ஓரடி நீளத்தில், மடக்காத கத்தி ஒன்று தேவைப்படுகிறது. சென்ற ஆண்டு பளபளப்பை நம்பி வாங்கிய எவர்சில்வர் கத்தியில், காய்ந்த மட்டையை மூன்றாம் முறை வெட்டியதுமே பல் விழுந்துவிட்டது. ஆயிரம் ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில் 1:
கொல்லுப்பட்டறையில் பழைய லாரிப் பட்டையை (சக்கரத்துக்கு மேலே சுமை தாங்கும் வில் தகடு) கொண்டு அடிக்கச் சொல்லுங்கள் ஐயா. அந்த எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.6 சதவீதம் இருப்பதால், சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு அதைவிடக் குறைந்த சூட்டில் மீண்டும் காய்ச்சிப் பதமாக்கினால், வாய் மழுங்காமலும் உடல் முறியாமலும் உழைக்கும். வாங்குமுன் வாயில் அரத்தை வைத்துத் தேய்த்துப் பாருங்கள்: சற்றே முரண்டு பிடித்து அராவினால் பதம் சரி, சுலபமாக அராவினால் சீக்கிரம் மழுங்கும், சிறிதும் பிடிக்காமல் வழுக்கினால் சில்லு தெறிக்கும்.

பதில் 2:
பிடியையும் கவனியுங்கள். காம்பு, அதாவது பிடிக்குள் நுழையும் கத்தியின் வால்பகுதி, பிடியின் கடைசிவரை ஓடி, ஆணி அறைந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் காம்பு, ஓங்கி வெட்டும்போது கழன்று பறக்கும்.

கேட்டவர்:
நன்றி. துரு ஏறாதா?

பதில் 1:
ஏறும். மட்டைச் சாற்றைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.